போஸ்டர் தகராறு தீர்ப்பவள்

இணையச் சந்தை ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. விற்றவனும் வாங்கியவனும் முட்டிக்கொண்டால் நடுவில் உட்கார்ந்து தீர்த்து வைக்க வேண்டும். அதிலும் அவளுக்கு வாய்த்தது பழைய சினிமா போஸ்டர்கள். அசல் என்று சொல்லி நகலைத் தலையில் கட்டுவது, கிழிசலை ஒட்டிப் பூசி மெழுகிவிட்டு வாய் கூசாமல் 'ஒரு குறையும் இல்லை' என்று எழுதுவது, இந்தக் கூத்தெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். ஒரு காகிதத்துக்கு இத்தனை அடிதடியா என்று கேட்காதீர்கள். அதைச் சேர்க்கிற ஆசாமிகளுக்கு அது ஒரு பைத்தியம். பெண்டாட்டியின் பிறந்தநாள் மறந்துபோகும், மூலையில் இருக்கும் ஊசித் துளை மறக்காது.

ஆபீஸில் அவளுக்கு 'ஜட்ஜம்மா' என்று பெயர். சும்மா சொல்லக் கூடாது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பாள். அந்தக் காலத்தில் போஸ்டரை மடித்துத்தான் தபாலில் அனுப்புவார்கள். அதனால் அசலில் மடிப்பு தேய்ந்து வெளுத்திருக்கும். நகலைப் பழசாக்குகிறவன் அதைத் தேயிலைத் தண்ணீரில் நனைப்பான். கறை போய் மடிப்பில் தேங்கிக் கறுத்துவிடும். படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏமாற்றுக்காரர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து புருஷனிடம் கொட்டித் தீர்ப்பாள், அவர் சிரித்துக்கொண்டே கேட்பார். அப்புறம் எப்போது மரத்துப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. இப்போது அழுது எழுதுகிறவனுக்கும் திட்டி எழுதுகிறவனுக்கும் ஒரே பதில்தான். ஒருநாள் நாத்தனார் போனில், "எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியல அண்ணி" என்று தேம்பியபோது, "பொறுமையா சொன்னதுக்கு நன்றிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து நாத்தனார் பேச்சை நிறுத்திவிட்டாள். இவளுக்கு அதுவும் உறைக்கவில்லை.

அவள் புருஷன் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதை இழுத்து மூடினார்கள். மனுஷர் படுத்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததோடு சரி. சவரம் கிடையாது, சாப்பிடு என்றால் சாப்பிடுவார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. "என்னங்க, கொஞ்சம் வெளியில போயிட்டு வாங்களேன்" என்று கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கும் அலுத்துவிட்டது. இவர் இனி இப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு நின்றார்! மூடிப்போன தியேட்டர் ஒன்றின் கிடங்கில் பழைய போஸ்டர் கட்டுக்கட்டாகக் கிடைத்ததாம், இணையத்தில் விற்கப் போகிறாராம்.

"உன்கிட்ட கேட்ட கதையெல்லாம் சேர்ந்து எனக்கும் தொழில் தெரிஞ்சு போச்சு" என்றார்.

"கடைக்கு என்ன பேரு?"

"அது உனக்கெதுக்கு? உன் ஆபீஸ்ல தெரிஞ்சா உனக்குத்தான் சங்கடம்."

அவளும் சரி என்று விட்டுவிட்டாள். நாளெல்லாம் போஸ்டரைப் பார்த்துக் கண் பூத்தவளுக்கு வீட்டிலும் அதைப் பிரித்துப் பார்க்க என்ன ஆசை இருக்கும்? புருஷன் எழுந்து நடமாடினால் போதும். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அட்டைக் குழாயில் போஸ்டரைச் சுருட்டிப் போடுவார், பார்சல் அலுவலகத்துக்குப் போய்வருவார், அங்கே நடந்த வேடிக்கையைச் சொல்வார். வீட்டில் எந்நேரமும் டீ கொதிக்கிற வாசனை. மனுஷருக்கு நாக்கில் ருசி திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஆமாம், ஜட்ஜம்மாதான் அப்படி நினைத்தாள்!

ஒரு முடிதிருத்தும் கடைக்காரரின் புகார் வந்தது. கடையில் மாட்ட ஆசைப்பட்டு அசல் என்று ஒரு போஸ்டரை வாங்கியிருக்கிறார். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அது நகல் என்று சொல்ல, காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். 'எனக்குப் பணம்கூட வேண்டாம். ஏமாற்றினேன் என்று அந்த ஆள் ஒரு வரி எழுதட்டும்' என்று கேட்டிருந்தார். அப்படி எழுத வைக்க அந்தச் சந்தையில் வழி ஏது? பணத்தைத் திருப்பலாம், கடையை மூடலாம், அவ்வளவுதான்.

படங்களைத் திறந்தாள். மடிப்பில் கறுத்த கறை. போஸ்டரின் மூலையை விற்றவனின் கை பிடித்திருந்தது. அந்தக் கையை வைத்து அளவு பார்த்தாள். ஆண்பிள்ளையின் உள்ளங்கை இத்தனை அகலம் என்றால், அதன் பக்கத்தில் அசல் போஸ்டரின் தலைப்பு எழுத்து இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். போஸ்டர் சின்னது, நகல்தான். அந்தக் கடைமேல் ஏற்கெனவே புகார்கள் இருந்தன. 'தெரிந்தே செய்த மோசடி. கடையை மூடலாம்' என்று எழுதினாள். சாட்சிக்கு ஒரு படம் இணைக்க வேண்டும். கை தெளிவாகத் தெரிந்த படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள்.

சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

இயந்திரத்தில் சிக்கி உடைந்த விரல் அது. கட்டுப் பிரிக்கிறவரை அந்தக் கைக்குச் சோறு ஊட்டினவள் அவள்தான்.

தீர்ப்பை அனுப்பும் பொத்தானை இன்னும் அழுத்தவில்லை. சொந்தக்காரர் வழக்கு வந்தால் மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. புகாரைத் தள்ளிவிட்டாலும் கேட்க ஆளில்லை. கடை மூடினால் அவர் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"ஜட்ஜம்மா, டீ குடிக்க வரலையா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"இதோ வர்றேன்" என்று சொல்லி அழுத்தினாள். அழுத்தி அழுத்திப் பழகிய விரல், அவ்வளவுதான். நெஞ்சு படபடக்கும் என்று பார்த்தாள். அதுவும் இல்லை. மத்தியானமே தலைவலி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கொடியில் ஈரப் போஸ்டர்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"கடையை மூடிட்டாங்க" என்றார்.

"நான்தான் மூடினேன்."

அவர் அவளையே பார்த்தார். கத்துவார் என்று நினைத்தாள். அவரோ தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அட கடவுளே! போயும் போயும் உன்கிட்டயா வந்து மாட்டினேன்? எதுல கண்டுபிடிச்ச?"

"மடிப்புல கறை தேங்கியிருக்கு. மடிக்கிறதுக்கு முன்னாடியே நனைச்சிருக்கணும்."

"இதை மட்டும் நீ சொல்லவே இல்லையே!" என்று மறுபடி சிரித்தார். "சரி போகட்டும். எனக்கும் உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. முடிவெட்டுறவர் புகார்னு போட்டிருந்தாங்க, அவர்கிட்ட நானே நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன். பார்சல் ஆபீஸ்லயே ஆள் வேணும்னு சொன்னாங்க. நாளைக்குப் போய்க் கேக்கறேன்."

அவளுக்கு மூச்சு வந்தது. கணவனும் மனைவியும் இத்தனை வார்த்தை பேசி எவ்வளவு காலமாகிவிட்டது! உட்கார்ந்து இருவருமாகக் கொடியிலிருந்த போஸ்டர்களைக் கழற்றினார்கள்.

"நான்னு எப்படித் தெரிஞ்சது? கடைப் பேரைக்கூட நான் சொல்லலையே" என்றார்.

"படத்துல உங்க கை இருந்துச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "கையைப் பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய், யாருக்கு நஷ்டம்? ஆனால் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லியே பழகினவள்.

"இல்லீங்க. முதல்ல அளவுதான் பார்த்தேன். எல்லாம் எழுதி முடிச்ச பிறகுதான் தெரிஞ்சது."

"அதுக்கு முன்னாடி என் கையை ரொம்ப நேரம் பார்த்தியா?"

"ரொம்ப நேரம்."

அவர் கையிலிருந்த போஸ்டரை மடிக்காமல் தரையில் வைத்தார். எழுந்து உள்ளே போனார். கட்டில் கிரீச்சிட்டது. அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தபோது, போட்ட சட்டையோடு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

"என்னங்க" என்றாள். "என்னங்க, நாளைக்குப் பார்சல் ஆபீஸுக்குப் போகணும்னு சொன்னீங்களே?"

மறுபடி கூப்பிட வாய் வரவில்லை அவளுக்கு. கூடத்தில் விட்டுவந்த போஸ்டர்களை எடுத்து அடுக்கப் போனாள்.