ஒரு முழக் கம்பி

அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன சித்தப்பாவுக்கு மூளை அதிகம் என்று ஊரே சொல்லும். எனக்கு அதில் பலத்த சந்தேகம் இருந்தது. நான் ஒன்பதாவது படிக்கும்போது, ஊருக்கு வந்த நண்பரிடம் இரண்டு கிராஃப் கால்குலேட்டர்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்று எனக்கு, இன்னொன்று என் வகுப்பிலேயே படித்த அத்தை மகளுக்கு. கோடு, வளைவெல்லாம் திரையில் வரைந்து காட்டுமாம். ஒன்றிலிருந்து மற்றதற்குச் செய்தியும் அனுப்புமாம்.

எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். வாய்க்கால் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய்வது என்ற தகராறில் அப்பாவும் அத்தையும் பேசியே பல வருடம் ஆகியிருந்தது. அத்தை வீடு அடுத்த தெருதான். ஆனால் அந்த வாசலை மிதித்தால் எனக்கு வீட்டில் பூசை விழும். இனி அவரவர் வீட்டிலிருந்தே பேசலாம் என்று ஆசையாகப் பெட்டியைப் பிரித்தால், உள்ளே ஒரு கம்பி. இரண்டையும் அதை வைத்து இணைத்தால்தான் செய்தி போகுமாம். நீளம் ஒரு முழம்! ஒரு முழத்தில் இருப்பவளோடு பேச வாய் போதாதா? அந்தக் கம்பியும் என் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

வேறு வழியில்லாமல் பள்ளிக்கூடத்தில், கணக்கு டெஸ்ட் எழுதி முடித்ததும் பெஞ்சுக்கடியில் இணைத்தோம். "பசிக்குதா" என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பினேன். பதிலுக்கு முன்னால் டீச்சர் வந்துவிட்டார். கம்பி வைத்துக் காப்பியடித்தோம் என்று தலைமையாசிரியை சிஸ்டர் இரண்டையும் பீரோவில் பூட்டிவிட்டு, வீட்டிலிருந்து ஆள் வரச் சொன்னார்.

அப்பாவும் அத்தையும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"வளர்ப்பு சரியில்லைங்க," என்றார் சிஸ்டர்.

அத்தை விருட்டென்று எழுந்தாள். "எங்கண்ணன் வளர்த்த புள்ளைய அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர்."

"என் தங்கச்சி பொண்ணு பசிச்சாக்கூட வாயத் தொறந்து கேக்காது. அது காப்பியடிக்குமா?" என்றார் அப்பா.

இருவரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோனது. ஆனாலும் வருஷக் கடைசியில்தான் தருவேன் என்று சிஸ்டர் அசையவில்லை. அத்தை அப்பாவின் மொபெட்டில் ஏறிப் போனாள். எங்களைத்தான் வெயிலில் நடந்து வரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் செய்தபோது நான் முந்திக்கொண்டு எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலயா உக்காந்தாங்க? பேசிக்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

கால்குலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறாரா, பாருங்கள்!

"சேந்து கத்துனாங்க. அப்பறம் அத்தை நம்ம வீட்டுலதான் சாப்ட்டாங்க," என்றேன் கடுப்போடு.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வாங்கி அனுப்பிய பொருள் பீரோவில் கிடக்கிறதே என்று அழுகிறார், எனக்கே பாவமாகிவிட்டது.

"அழாதீங்க சித்தப்பா," என்றேன். "வருஷக் கடைசியில குடுத்துருவாங்க."