இன்ஜின் சூடாகட்டும்

என் மனைவியைக் கோபக்காரி என்று சொல்ல மாட்டேன். கோபம் என்றால் ஆறிவிடும். இவளுடையது வன்மம், ஒன்பது வருஷமாக ஆறவிடாமல் காத்துவந்தாள். காலையில் பல் துலக்கும்போதே பழைய முதலாளியை நாலு வார்த்தை திட்டினால்தான் அவளுக்கு டீ இறங்கும்.

அவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சரிபார்த்து விற்பவர். எல்லாம் ரோட்டரி இன்ஜின் வண்டிகள். அதில் பிஸ்டன் கிடையாது. முக்கோணமாக ஒரு ரோட்டர் சுற்றும், அதன் மூன்று முனைகளிலும் சீல் இருக்கும். சீல் தேய்ந்தால் இன்ஜின் போச்சு. அவரிடம் வேலை பார்த்தபோது ஒரு காரைக் காட்டி, "சீல் தேஞ்சிருக்கு, பிரிக்கணும்" என்று இவள் சொன்னாள். அவர் பிரிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஊற்றினார். அப்படிச் செய்தால் தேய்மானம் கொஞ்ச நேரம் அடைபடும், இன்ஜினுக்குள் அழுத்தமும் சரியாகக் காட்டும், வண்டி சமர்த்தாகக் கிளம்பும். அதை ஒரு பல் டாக்டர் தலையில் கட்டினார். மறுநாளே வண்டி நடுரோட்டில் நின்றதும், "கைராசி இல்லாத பொண்ணு, கை வெச்சுக் கெடுத்துடுச்சு" என்று டாக்டர் முன்னாலேயே இவள்மேல் பழியைப் போட்டு வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகு எந்தப் பட்டறையும் இவளை ஒரு காரைத் தொட விடவில்லை. வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ரிப்பேர்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம், அப்படி ஸ்கூட்டர் விடவந்த வக்கீலம்மா, "ஒரு ரோட்டரி கார் வாங்கப் போறேன். நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். யாரிடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் என் மனைவி சிரித்தாள். விற்பவர் அதே முதலாளி.

அவளுடைய கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். இவளைப் பார்த்ததும் முதலாளி ஒரு நொடி தடுமாறி, "வாம்மா, நல்லா இருக்கியா?" என்று குழைந்தார். சாவியைத் திருகினார். வண்டி உடனே கிளம்பியது. பின்னால் ஒரே நீலப் புகை.

"ரோட்டரின்னா எண்ணெய் குடிக்கும், புகையத்தான் செய்யும்" என்றார் வக்கீலம்மாவிடம்.

"ஆமாமா" என்றாள் என் மனைவி, ஒன்றுமறியாத பாப்பா மாதிரி.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இன்ஜின் அழுத்தத்த இப்பவே அளந்துக்கோ."

"இன்ஜின் சூடாகட்டும், முதலாளி. ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

அரை மணி நேரம் ஓட்டினாள். ஊற்றிய எண்ணெய் மொத்தமும் எரிந்து தீரட்டும் என்று ஓட்டினாள். வந்து வண்டியை அணைத்தாள். டீ கேட்டு வாங்கி, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். அவருக்கு வியர்த்தது. பிறகு சாவியை அவர் கையில் கொடுத்து, "கிளப்புங்க" என்றாள்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டி கிளம்பவில்லை. பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மீட்டரை மாட்டி அளந்தால், இருக்க வேண்டிய அழுத்தத்தில் பாதிதான் இருந்தது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்வானேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"பழசை மனசுல வெச்சுக்கிட்டு வந்திருக்கே" என்று பல்லைக் கடித்தார்.

"ஆமா. வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

"அப்ப இந்தக் கார் வேண்டாமா?" என்றார் வக்கீலம்மா.

"பாடி நல்லா இருக்கும்மா, துரு இல்ல. பிரிச்சு சீல் மாத்தினா ஓடும், நானே செஞ்சு தரேன். வெலையைக் கொறச்சு வாங்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி இவரு பல் டாக்டருக்கு போன் போடணும். அன்னிக்கு என்ன பண்ணாருன்னு சொல்லணும்."

"போடுங்க சார், நானும் கேக்கறேன்" என்று வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலாளிக்கு வேறு வழியில்லை. ஸ்பீக்கரில் போட்டார். "டாக்டர், அந்த ரோட்டரி கார்... அதைக் கெடுத்தது எங்க பட்டறைப் பொண்ணு இல்ல..."

"எந்தப் பொண்ணு?" என்றார் டாக்டர். "கார் ஞாபகம் இருக்கு. பொண்ணு யாரும் ஞாபகம் இல்லையே."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா, அவருக்கே ஞாபகம் இல்ல!" என்று சிரித்தபடி போனை அணைக்கப் போனார்.

என் மனைவி போனையே பார்த்தாள். ஒன்பது வருஷமாக அந்த டாக்டர் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார் என்றே நினைத்திருந்தாள், பாவம். கிரீஸ் கையோடு முதலாளியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஞாபகம் இல்லன்னா பரவாயில்ல" என்றாள். "முதல்லேருந்து சொல்லுங்க. என் பேரைச் சொல்லி ஆரம்பிங்க."