நடுவில் எழுந்து போனார்

சலவை ஆலையில் அவனைக் கல்லு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரிப் போர்வைகள் மூட்டை மூட்டையாக வந்து வெளுத்துப் போகும் இடம் அது. கொதிகலன் பார்ப்பது அவன் வேலை. பதினாறு வருஷத்தில் ஒரு நாள் தாமதமில்லை. முகத்தில் மட்டும் சிரிப்பும் வராது, கோபமும் வராது.

இஸ்திரி போடுகிறவன் ஒருநாள் புதுச் சட்டையோடு வந்து அவன் வாயைக் கிளறினான். "எப்படி இருக்கு கல்லு?"

"சின்னதா இருக்கு. வயிறு தெரியுது."

ஆலையே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கல்லு பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தச் சுபாவத்துக்கு ஆட்டிசம் என்று பெயர் உண்டென்பது நாற்பதுக்கு மேல்தான் அவனுக்கே தெரிந்தது. தெரிந்த வேளை சரியில்லை. மனைவி செத்து எட்டு மாதம். செத்த அன்று பிணம் கூடத்தில் கிடக்க, இவன் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மச்சானுக்கு அன்றே மனசு விட்டுப்போயிற்று. தங்கச்சி பெற்ற ஒன்பது வயசுப் பெண்ணை இவனிடம் விடக் கூடாது என்று குழந்தை நல அலுவலகத்தில் மனுப் போட்டார். ஞாயிறுதோறும் அவளைக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் திருப்பி விடுவார். ஒவ்வொரு தடவையும் அவள் துணி ஒன்று அங்கேயே தங்கிவிடும். கல்லு பார்த்துக்கொண்டே இருந்தான். அலமாரியில் அவள் தட்டு பாதி காலியாகிவிட்டது.

அந்த அலுவலகத்து அதிகாரி கெட்டவர் இல்லை. "பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி நடக்குது. ஆட்டிசம் இருக்கறவங்களுக்கு அடுத்தவங்க வலி உறைக்குதான்னு பாக்கறாங்க. போய்ட்டு வாங்க. அவங்க எழுதிக் குடுக்கறத வச்சுப் பேசிக்கலாம்" என்றார்.

மகளை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டுக் கல்லு உள்ளே போனான். விரலில் கிளிப் ஒன்றை மாட்டினார்கள். வியர்வையை அளக்குமாம். திரையில் முகங்கள் வந்தன. இவருக்கு என்ன உணர்ச்சி, அவருக்கு என்ன உணர்ச்சி என்று கேள்வி. பாதிக்கு மேல் "தெரியல" என்றான். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிப் பழக்கமில்லை.

அப்புறம் ஒரு படம். ஒரு பெண் கார் கதவைச் சாத்துகிறாள். அவள் கை இடுக்கில் இருக்கிறது. கல்லு கிளிப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டான்.

குறிப்பெடுத்த உதவியாளர் தாளில் எழுதினார்: 'ஆர்வமில்லை. நடுவில் எழுந்து போனார்.' மறுநாளே அந்தத் தாள் அதிகாரியின் மேஜைக்குப் போய்விட்டது.

வராந்தாவில் நடந்ததை மகள் மட்டும் பார்த்தாள். அப்பா சுவரோரம் குந்தி, வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்திருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"என்னப்பா, கை மாட்டிக்கிச்சா?"

"அந்தம்மாவுக்கு."

நாலு நாள் கழித்து ஆராய்ச்சி நடத்துகிற அம்மா இருவரையும் வரச் சொன்னார். கருவி போட்ட கோட்டைக் காட்டினார். தரையோடு தரையாகப் போன கோடு ஓரிடத்தில் விருட்டென்று ஏறித் தாளின் விளிம்பைத் தொட்டிருந்தது.

"வந்தவங்கள்ல யாருக்கும் இவ்வளவு ஏறல. உங்களுக்கு உறைக்காம இல்ல, தாங்க முடியாத அளவுக்கு உறைக்குது. அந்தக் குறிப்பு தப்பு. திருத்தி அனுப்பறேன். ஆனா மேல கையெழுத்து வாங்கணும், நாளாகும்."

"விசாரணை திங்கக்கிழமை" என்றான் கல்லு.

அந்த அம்மா கோடு இருந்த தாளை அவன் கையில் கொடுத்தார். "இந்தத் தாள வச்சுக்குங்க. அங்க மட்டும் என்ன ஆனாலும் எழுந்து போயிடாதீங்க."

திங்கட்கிழமை அதிகாரி குறிப்பை உரக்கப் படித்தார்.

"நான் சொன்னா வேண்டாதவன் பேச்சும்பீங்க சார்" என்றார் மச்சான். "படிச்சவங்களே எழுதியிருக்காங்க. புள்ள காய்ச்சல்ல கிடந்தாக்கூட இவரா வந்து தொட்டுப் பாக்க மாட்டாரு."

"நான் மாமா வீட்டுக்குப் போமாட்டேன்" என்று பெண் அழ ஆரம்பித்தாள். விக்கி விக்கி அழுதாள்.

கல்லுவின் கால் தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. எழுந்து போகக் கூடாது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்த ஸ்விட்சைப் பார்த்தான். ஆடவில்லை, அசையவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "புள்ள இப்படி அழுது. உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணுது."

"என்ன தோணுது?"

வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்தான். பையிலிருந்த தாளை எடுத்து நீட்டினான்.

அதிகாரி இப்படியும் அப்படியும் திருப்பினார். "வெறும் கோடா இருக்கு. பேரும் இல்ல, கையெழுத்தும் இல்ல. யாரோடது இது?"

"அது நான்தான்."

மச்சான் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. பாவம் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆராய்ச்சி அம்மா குறிப்பைத் திருத்தி அனுப்புவதாகச் சொன்னதைக் கல்லு சொன்னான். திருத்தின தாள் வரும்வரை பெண் மாமா வீட்டில் இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. எத்தனை நாள் என்று கல்லு கேட்டான். "அது என் கையில இல்லீங்க."

மச்சான் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் அவள் திரும்பினாள்.

"அப்பா, இப்ப எழுந்திரிக்கலாம்ப்பா."

எழப் பார்த்தான். விரல்கள் கைப்பிடியை விட்டு வரவில்லை. படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று.