அத்தையின் முட்டியை வைத்து நான் நேர்ந்த நேர்த்திக்கடன்: பாகூரிலிருந்து வில்லியனூருக்கு

வண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர். என் மாமியார் ஆரோக்கியமேரி, வயது அறுபத்து நான்கு, முன் சீட்டில். என் வீட்டுக்காரர் சூசையும் நானும் பின் சீட்டில். ஓட்டியவர் எங்கள் ஊர் முருகேசன். வேறு யாரையும் கூப்பிடவில்லை. என்ன ஆகுமோ என்ற பயத்தில்தான் கூப்பிடவில்லை.

1989 தை மாதக் கடைசி, அறுப்பு முடிந்த வாரம் அது. அதற்கு ஆறு மாதம் முன்பு அத்தைக்கு மெட்ராஸில் வலது முட்டியை மாற்றினார்கள். எலும்பு தேய்ந்து, இரண்டு வருஷமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். அப்போதெல்லாம் இந்த ஆபரேஷனைக் கேள்விப்பட்டவர்களே எங்கள் பக்கத்தில் இல்லை. ஏரிக்கரை நிலத்தை விற்றுத்தான் செய்தோம். அத்தையை உள்ளே கொண்டுபோனதும் நான் வராந்தாவில் முழங்கால் போட்டு நேர்ந்துகொண்டேன்: "வில்லியனூர் மாதாவே, அத்தைக்குக் கால் நல்லாகட்டும். உன் கோயில் வாசல்லேர்ந்து பீடம் வரைக்கும் அத்தை முட்டிக்கால் போட்டே நடந்து வருவாங்க."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் பிள்ளைக்கு மொட்டை என்று நேர்வோம், பிள்ளையைக் கேட்க மாட்டோம். நானும் அத்தையைக் கேட்கவில்லை. டாக்டரையும் கேட்கவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சொன்னார்: "நடக்கலாம், படி ஏறலாம். தரையில குந்தாதீங்க. முட்டி போடவே போடாதீங்க."

அதற்குள் நான் நேர்ந்ததைச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். அத்தை அதையே பிடித்துக்கொண்டார். எங்கள் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம். "வேறு புண்ணியமா மாத்திக்கலாம், ஏழைக்குச் சாப்பாடு போடுங்க" என்றார். அத்தை கேட்கவில்லை. "சாமியார் மாத்துவாரு. மாதா ஒத்துக்கணுமே? கடன வெச்சிக்கினு நான் சாவ மாட்டேன்."

முட்டி கெட்டுப்போனால் மறுபடி மாற்ற விற்பதற்கு எங்களிடம் நிலம் இல்லை. கெடுத்தது என் வாய் என்று ஆகும். அந்தப் பயத்தோடுதான் ஏறினேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கரிக்கலாம்பாக்கம், மங்கலம் வழியாக முருகேசனின் மீட்டரில் பத்தொன்பது கிலோமீட்டர். அம்பாசிடர் வாடகை, காத்திருப்பதோடு சேர்த்து நூற்றைம்பது ரூபாய். பஸ்ஸில் போயிருந்தால் ஆளுக்கு மூன்று ரூபாய்க்குள் முடியும், ஆனால் பஸ்ஸின் உயரப் படியில் அத்தையால் ஏற முடியாது. கால் நீட்ட இடம் வேண்டும் என்று முன் சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டிருந்தோம். மங்கலத்தில் டீக்கு நிறுத்தி, அத்தையைப் பத்து நிமிஷம் நடக்கவிட்டோம்.

"இன்னா ஆயா, காலுக்குள்ள இரும்பு வெச்சிகிறாங்களாமே? காந்தம் வெச்சா ஒட்டுமா?" என்றார் முருகேசன்.

"ஒட்டும்டா. கொண்டாந்து முதல்ல உன் வாயில வெக்கிறேன்."

என் வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்கு வில்லியனூர். காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. கோயில் குளத்துத் தண்ணீரை அத்தை நெற்றியில் தொட்டுக்கொண்டார். வெளிவாசலிலிருந்து பீடம் வரை என் காலால் அளந்தேன், நூற்றுப் பன்னிரண்டு அடி. மடித்த கோணிச் சாக்கையும் ஒரு தலையணையையும் கீழே போட்டேன். அத்தை கைத்தடியால் இரண்டையும் ஒதுக்கினார். "மெத்தை போட்டா நேர்ந்த? எடுடி."

மகன் தோளைப் பிடித்துக்கொண்டு முதலில் இடது முட்டியை ஊன்றினார். பிறகு மெள்ள வலது முட்டி. மண்ணில் பட்டது. அத்தை முகம் மாறியது.

"இன்னா அத்தை, வலிக்குதா?"

"வலிக்கலடி." கையால் முட்டியைத் தடவிப் பார்த்தார். கீழே கிடந்த சரளைக்கல்லை எடுத்து அதன்மேல் அழுத்தினார். "ஒண்ணுமே தெரியல. மண்ணு தெரியல, கல்லு தெரியல. யாரோட முட்டியோ மாதிரி கீது."

"அப்ப நல்லதுதானம்மா," என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னாடா நல்லது? நோவே இல்லன்னா இன்னா நேர்த்திக்கடன்? கடையில வாங்கின முட்டியக் காட்டி மாதாவ ஏமாத்தச் சொல்றியா?"

பீடத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேர்ந்தது உன் வாயி. உன் முட்டியும் நல்லாதான கீது. நீ நட."

எழுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அந்தக் கால் பாதிக்கு மேல் மடியவில்லை. முருகேசன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு ஆண்கள் சேர்ந்தும் மூன்றாவது முறைதான் எழுந்தார்.

நான் புடவையைச் செருகிக்கொண்டு முழங்கால் போட்டேன். அத்தை தடியை ஊன்றி என் பக்கத்திலேயே, என் வேகத்துக்கு, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு வந்தார். படிக்கட்டு ஏறும்போது வலது முட்டியில் தோல் உரிந்துவிட்டது. நின்றேன். "நிக்காதடி, மந்திரம் வுட்டுப் போவும்," என்றார். அதட்டிக்கொண்டே என் தலையில் கை வைத்தார், பீடம் வரை எடுக்கவில்லை. முப்பத்தைந்து நிமிஷம் ஆனது.

திரும்பும் வழியில் பாகூர் ஏரி தெரிந்ததும் அத்தை சொன்னார்: "இனிமே எதுனா நேர்ந்தா உன் உடம்ப வெச்சி நேரு."

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். அந்த முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மட்டும் எல்லோரும் முழங்காலில் இருக்க, அவர் நின்றபடி குனிந்திருப்பார். அது அவருக்குக் கடைசி வரைக்கும் ஒரு குறை.

முட்டி மாற்றியவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முழங்கால் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் தனியாக, வாய்விட்டுக் கேளுங்கள், அவராகச் சொல்வார் என்று இருக்காதீர்கள். இறங்குவதைவிட எழுவது கடினம், பிடித்துக்கொள்ளக் கெட்டியான பெஞ்சு பக்கத்தில் இருக்க வேண்டும். மேல்தோல் மரத்திருந்தால் கல் குத்தினாலும் தெரியாது, அதனால் கனமான விரிப்பு போடுங்கள். வெயிலுக்கு முன் போய்விடுங்கள்.

இப்போது எனக்கு எழுபத்திரண்டு. என் வலது முட்டியும் தேய்ந்துவிட்டது, அடுத்த மாதம் இருபதாம் தேதி மாற்றுகிறார்கள். அன்றைய டாக்டர் போடவே கூடாது என்றார். இன்றைய டாக்டர், "புண் நல்லா ஆறினதும் போட்டுப் பாருங்க, முட்டி கெடாது. ஆனா உணர்ச்சி வருமான்னு இப்ப சொல்ல முடியாது" என்கிறார். தினமும் காலையில் முழங்காலில்தான் என் ஜெபம். அது போய்விட்டால் எப்படி ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முட்டி மாற்றிக்கொண்டு அதன்மேல் முழங்கால் போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தரை தெரிகிறதா, எத்தனை மாதத்தில் தெரிந்தது என்று எழுதுங்கள். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் எழுதுங்கள்.