பரிசு வாங்கிய பெட்டி

வீட்டில் அவளைக் கரண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் பிளக் பாயிண்டில் விரலை விட்டுப் பார்த்தவள் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்ஜினியரிங் கடைசி வருடம் வந்தும் குணம் மாறவில்லை. கையில் கிடைத்ததைக் கழற்றிப் பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அப்பாவுக்குக் கண் தெரியாது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். குரலைக் கேட்டே எந்த டாக்டர் என்ன கோபத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். பஸ் நம்பரைச் சொல்லத்தான் அவருக்கு இன்னொருவர் வேண்டும். ஸ்டாப்பில் நிற்கிறவர்களோ செல்போனுக்குள் தலையை விட்டவர்கள். "இது எந்த பஸ்ஸுங்க?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பஸ் கிளம்பியிருக்கும். தாமதமாகப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது வாடிக்கையாகிவிட்டது.

அதற்காகத்தான் அவள் அந்தப் பெட்டியைச் செய்தாள். பஸ் கதவு திறந்தால் போதும், "பன்னிரண்டாம் நம்பர், ஆஸ்பத்திரி வழி" என்று வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லும். டெப்போ மேனேஜர் தங்கமான மனிதர். "காலேஜ் பசங்க சோதனைதானே, மாட்டிக்கோம்மா. நான் எதையும் பாக்கல" என்று அப்பா போகிற காலை பஸ்ஸில் அதை மாட்ட விட்டார். அப்புறம் அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். விதி, போட்டி என்ற பெயரில் வந்தது. போக்குவரத்துச் சிக்கல்களுக்கு மாணவர்கள் தொழில்நுட்பத்தால் தீர்வு காண வேண்டுமாம். முதல் பரிசு வாங்கினால் எல்லா பஸ்ஸிலும் மாட்டிவிடுவார்கள் என்று காலேஜில் துறைத் தலைவர் ஆசை காட்டினார். அவளும் நம்பித் தன் கையாலேயே பெட்டியைக் கழற்றினாள்.

"ஒரு வாரம்தான்ப்பா. பொறுத்துக்கோங்க."

"எல்லா பஸ்ஸும் பேசும்னா ஒரு வாரம் என்னம்மா. போய் ஜெயிச்சுட்டு வா."

ஜெயித்தாள். கோப்பை கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பெட்டியைப் பைக்குள் வைக்கப் போனபோது அமைப்பாளர் கையை நீட்டித் தடுத்தார். "முதல் பரிசு வாங்கினது எங்க காட்சிக்கூடத்துக்குத்தான். விதிமுறையில இருக்கே, படிக்கலையா?"

போட்டிக்காகச் சேர்த்துக்கொண்ட வகுப்புத் தோழர்களோடு அணியில் நான்கு பேர். மற்ற மூவரும் படித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள்.

போகட்டும் என்று இன்னொரு பெட்டி செய்து டெப்போவுக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். மேனேஜர் முகம் கொடுத்தே பேசவில்லை. "அப்ப அது பசங்க விளையாட்டும்மா. இப்ப பேப்பர்ல போட்டோ வந்துடுச்சு. மேலிடத்து அனுமதி இல்லாம ஒரு ஸ்க்ரூ மாட்டினாலும் என் வேலை போயிடும்."

மேலிடத்தில் கேட்டால், குழு போட்டிருக்கிறோம் என்றார்கள். குழு எப்போது கூடும் என்றால், தலைவர் இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். நடையாய் நடந்ததில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் இருந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல் இருந்ததுதான் அதிகம். தோற்றிருந்தால் பெட்டி இந்நேரம் பஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கும். அப்பாவோ மறுபடி ஸ்டாப்பில் நின்று, "இது எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

காட்சிக்கூடத் திறப்புக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். அவளுக்குப் போகவே பிடிக்கவில்லை. அப்பாதான் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனார். முன் வரிசையில் இடம் கொடுத்தார்கள். கண்ணாடிக்குள் பெட்டி பளபளவென்று இருந்தது. கதவுக்குப் பதிலாக ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அதை அழுத்தினார்.

"பன்னிரண்டாம் நம்பர், ஆஸ்பத்திரி வழி."

அப்பா சட்டென்று எழுந்துவிட்டார். கைத்தடியை முன்னால் ஊன்றி, வலது கையைக் கதவுக் கம்பிக்காக நீட்டினார். கூடத்தில் எல்லோரும் பெட்டியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் இல்லப்பா."

"தெரியும்மா" என்றார். கை இறங்கத்தான் கொஞ்ச நேரம் ஆனது.