ரோஸ் நிறக் கண்மாய்

கணவர் இறந்து ஏழு மாதமாகியும் நான் அழவில்லை. அடக்கிக்கொள்ளவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். துஷ்டி கேட்க வந்த பெண்கள் கட்டிப்பிடித்து, "அழுதுரு தாயி, உள்ள வச்சுக்கிடாத" என்று முதுகைத் தட்டினார்கள். மூன்றாம் நாள் அதே வாய்கள் "நெஞ்சழுத்தக்காரி" என்றன. பெங்களூரில் இருக்கும் மகள் தினமும் போனில் "சாப்பிட்டியாம்மா" என்பாள், அடுத்தது "அழுதியாம்மா" என்பாள். மாத்திரை போட்டாயா என்று விசாரிக்கிற குரல். முப்பது வருஷம் கூட இருந்தவர்மேல் எனக்குப் பிரியமே இருந்ததில்லையோ என்று எனக்கே பயமாக இருந்தது.

ராஜபாளையத்தில் ஓர் ஓவிய வகுப்பில் மகள்தான் சேர்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறிப் போவேன். அக்ரிலிக் பெயின்ட். ஃபேனைப் போட்டால் தட்டிலேயே காய்ந்து தோல் தோலாக உரியும். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "ஏதாவது ஒரு கண்மாய் போட்டோ பார்த்து வரைங்க. ஆனா அதுல இருக்குற கலர் ஒண்ணுகூட படத்துல வரக் கூடாது" என்றாள்.

என் போனில் ஒன்று இருந்தது. சுந்தரபாண்டியம் பக்கம் எங்கள் வயலுக்குப் பாயும் கண்மாய். காரியம் முடிந்த மறுநாள் எடுத்தது. எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. தண்ணீருக்கு ரோஸ் அடித்தேன். கோரைக்கு நீலம், மலைக்கு மஞ்சள், கொக்குக்குக் கறுப்பு. வகுப்பில் எல்லோரும் கூடி நின்று, என்ன கற்பனை, என்ன கற்பனை என்றார்கள். கற்பனையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. கைக்கு எந்த ட்யூப் எட்டியதோ அதைப் பிதுக்கினேன். அப்போது எனக்கு எல்லா நிறமும் ஒன்றுதான்.

படத்தை டிவி மேல் சாய்த்து வைத்திருந்தேன். வயலை இப்போது பார்த்துக்கொள்ளும் என் கொழுந்தனார், ஒருநாள் மத்தியானம் முருங்கைக்காய்க் கட்டோடு வந்தார். ரோஸ் தண்ணீரைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிட்டப் போய், கரையில் நான் வரைந்திருந்த மடைமேல் விரலை வைத்தார்.

"மதினி, ஷட்டர் கம்பி இம்புட்டு மேல நிக்கு. அப்ப மடை தொறந்து கெடக்கு. வாய்க்கால்ல தண்ணியக் காணோமே?"

போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதில் கம்பி கீழே இறங்கி, மடை மூடித்தான் இருந்தது. நான்தான் மேலே வரைந்திருந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை கம்பி கீழே இருந்து நான் பார்த்ததே இல்லை. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு மடை திறப்பது அவர் பொறுப்பு. அந்த நாட்களில் மட்டும்தான் காலைச் சாப்பாட்டோடு நான் கரைக்குப் போவேன். நான் போகும்போதே சக்கரத்தைச் சுற்றிக் கம்பியை ஏற்றியிருப்பார். தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, "நீ போ, நான் தண்ணியோட வாரேன்" என்பார். நான் குறுக்குப் பாதையில் போய் வயலில் நிற்பேன். முதலில் தண்ணீர் வரும், சருகைத் தள்ளிக்கொண்டு. செத்த நேரத்தில் பின்னாலேயே அவர் வருவார், அடைப்பைக் காலால் எத்திவிட்டபடி, காலி வாளியை ஆட்டிக்கொண்டு.

கொழுந்தனார் போன பிறகு வாய்க்காலில் தண்ணீர் வரைய உட்கார்ந்தேன். வகுப்பில் சொன்னது நினைவில் இல்லை. பழுப்பில் கொஞ்சம் மஞ்சளும் வெள்ளையும் குழைத்தேன். புதுத்தண்ணீர் அந்த டீ நிறத்தில்தான் வரும். காய்ந்தால் இருண்டுவிடும் என்று ஒரு பிடி வெளுப்பாகவே கலந்தேன். மடையிலிருந்து இழுத்து, எங்கள் வயல் இருக்க வேண்டிய கீழ்மூலைவரை கொண்டுவந்து விட்டேன்.

தண்ணீர் வந்துவிட்டது. பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல அவர் வருவதற்காகக் காத்திருந்தேன். பெயின்ட் காய்ந்தது. அவர் வரவில்லை.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். எடுத்தேன், அழுகைதான் வந்தது. "சாப்பிட்டியாம்மா" என்று மட்டும் கேட்டாள். அடுத்ததைக் கேட்கவில்லை.