குளிருக்கு எந்த எண்ணெய்?

எஞ்சின் ஆயில் வாங்க வருகிறவர் எல்லாருமே வீட்டிலேயே ஒரு முடிவை எடுத்துக்கொண்டுதான் வருவார்கள். கடைக்காரனைக் கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் என் சக பாவிகளுக்கு இது புதிதல்ல.

என் கடை அறந்தாங்கியில், கட்டுமாவடி ரோட்டில். மத்தியான வெயிலில் ஈ காக்கை வராது. அந்த நேரத்தில் டப்பாக்களில் அச்சடித்திருப்பதைப் படிப்பேன். 20W-50, 0W-30 என்று போட்டிருக்கும். W என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் இருக்கும் எண் சின்னதாக இருந்தால், கடுங்குளிரிலும் அந்த எண்ணெய் உறையாமல் இளகி ஓடும். குளிர்காலம் என்ற வார்த்தையை நினைத்ததுமே எனக்குக் கண் சொருகிவிடும். ரோட்டில் பனி விழ ஆரம்பிக்கும். எதிர்க்கடைத் தகரத்தின் மேல், நிறுத்தி வைத்த ஷேர் ஆட்டோவின் மேல், போஸ்டர் தின்னும் ஆட்டின் முதுகில், சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். யாராவது மேசையைத் தட்டினால்தான் நிற்கும்.

நூல் விடும் எண்ணெய்

அப்படி அடிக்கடி தட்டியவர் கருப்பையா. ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர், அப்போது வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு டப்பாவில் போட்டிருப்பது பொருட்டல்ல. ஒரு சொட்டைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வைத்துத் தேய்த்து, விரலைப் பிரித்து, நூல் விடுகிறதா என்று பார்ப்பார்கள். நூல் விட்டால் நல்ல எண்ணெய். அவருடைய பழைய காருக்கும் நம் வெயிலுக்கும் கெட்டியான 20W-50 பொருத்தம்தான், நானும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன்.

ஒருநாள் புது ரகத்தைக் காட்டலாமே என்று 0W-30 டப்பாவைத் திறந்தேன். தேய்த்தார், பிரித்தார், நூலைக் காணோம். கைலியில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதுல வடை சுடவே யோசிக்கணும், எஞ்சினுக்கு எப்படிண்ணே ஊத்துறது?"

மூன்று நாள் குளிர்

சவுதியிலிருந்து லீவில் வந்த ஒருவர், குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறேன், காருக்குக் குளிர் ஆயில் வேண்டும் என்றார். கொடைக்கானல் குளிரெல்லாம் எஞ்சினுக்கு ஒரு குளிரே இல்லை, கார் புத்தகத்தில் சொன்ன எண்ணெய்தான் உள்ளே இருக்கிறது, அதுவே போதும் என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்தாகிவிட்டது, வண்டிக்கு மட்டும் ஒன்றும் இல்லையே என்று அவருக்கு மனக்குறை. அவர் பேசப் பேச அந்தக் கார் பனிமூட்டத்துக்குள் வளைந்து வளைந்து ஏறிப் போவது எனக்குத் தெரிந்தது. பொறாமையாகத்தான் இருந்தது. பேச்சை விட்டுவிட்டுக் கேட்டதை எடுத்து வைத்தேன். போகும்போது சொன்னார்: "இப்ப வடிக்கிற எண்ணெயைக் கேன்ல பிடிச்சு வைங்க, ஞாயித்துக்கிழமை வந்து அதையே திரும்ப ஊத்திக்கிறேன்."

போலந்திலிருந்து ஒரு போன்

கருப்பையா போலந்துக்கு வேலைக்குப் போய்விட்டார். மார்கழியில் அவர் மனைவி கவிதா போனும் கையுமாகக் கடைக்கு வந்தது. போலந்தில் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி, அதில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர் வேலை. பனி இறங்கியதிலிருந்து காலையில் கார் முனகுகிறது, கிளம்ப மாட்டேன் என்கிறது. "இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலை இல்லைன்னுட்டாங்களாம்ணே. வேலை போனா விசாவும் போயிரும்" என்றது கவிதா. போனை வாங்கி, லைனில் இருந்த கருப்பையாவிடம், என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த ஊர்க் கடைக்காரன் 0W-30 கொடுத்தானாம். இவர் விரலில் தேய்த்துப் பார்த்து அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊரெல்லாம் அலைந்து 20W-50 வாங்கி ஊற்றியிருக்கிறார்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழுமா, அந்த மாதிரிதான் உங்கள் எஞ்சினுக்குள் எண்ணெய் இறுகிக் கிடக்கிறது என்றேன். கவிதாவுக்கு உடனே புரிந்தது. கருப்பையா மட்டும் மசியவில்லை: "தேங்கா எண்ணெய் வேற, கம்பெனி எண்ணெய் வேறண்ணே. நாங் கண்ணால பாக்காம ஊத்த மாட்டேன்."

ஜெகதாப்பட்டினத்தில் பனி

கண்ணால் பார்க்க வைப்பதென்றால் எனக்குத் தெரிந்த ஒரே குளிர் ஜெகதாப்பட்டினம் மீன்துறையில் இருக்கும் ஐஸ் பிளாண்ட்தான். அதன் மேனேஜர் நம் வாடிக்கையாளர். முதல் நாளே இரண்டு பாட்டில்களில் இரண்டு எண்ணெயையும் கொடுத்துவிட்டேன். ஐஸ் உறையும் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்திருந்தார். மறுநாள் நானும் கவிதாவும் போனோம். நடுக்கடலில் மீனவர்கள் சிலரை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது என்று படகு எதுவும் போகவில்லை. எடுக்க ஆளில்லாத ஐஸ் பாளங்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றிலிருந்து எழுந்த வெண்புகை எங்கள் முழங்கால் வரை வந்தது. காலம் நின்றுபோன மாதிரி இருந்தது. எதற்கு வந்தோம் என்பதே எனக்குச் சற்று நேரம் மறந்துவிட்டது.

வீடியோ காலில் கருப்பையா காருக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பின்னால் நிஜமான பனி விழுந்துகொண்டிருந்தது. நான் இரண்டு பாட்டிலையும் சேர்த்துச் சாய்த்தேன். மெல்லிசு எண்ணெய் சாய்த்த பக்கம் ஓடியது. கெட்டி எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. கவிதா பாட்டிலைப் பார்க்கவே இல்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தது. கருப்பையா கையுறையைக் கழற்றி, வெறும் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சரிண்ணே, அந்தத் தண்ணியவே ஊத்துறேன்."

புகார்

பொங்கலுக்கு முன்னால் கவிதா மறுபடி வந்தது. சாவியைத் திருகியதுமே கார் கிளம்பிவிடுகிறதாம், வேலைக்கு ஆபத்தில்லையாம், இன்னும் இரண்டு வருஷத்துக்கு விசாவை நீட்டப் போகிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பனியையே பார்க்காதவன் சொன்ன எண்ணெயில் பனி நாட்டில் ஒரு கார் ஓடுகிறது, சும்மாவா? டீ வாங்கிக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி இருந்த கவிதா, நான் கேட்காமலே சொன்னது: "நீங்க நல்லதுதான்ணே செஞ்சீங்க. வண்டி கெளம்பாம இருந்த அந்த ஒரு வாரத்துல, எப்படியும் வந்துருவாருன்னு, மகனுக்குப் பொங்கச் சட்டை எடுக்கையில அவருக்கும் ஒன்னு எடுத்துட்டேன்."

வண்டி கிளம்பிவிட்டது என்றதும் முழுசாகச் சந்தோஷப்படுகிற ஆள் உலகத்தில் ஆயில் கடைக்காரன் ஒருவன்தான் போலிருக்கிறது.